இடது கைக்கு ஒரு மவுஸ்

என் அண்ணனுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது ஒரு மழை நாளில். வேலை முடிந்து திரும்பும்போது, இராஜபாளையத்து ரயில்வே கேட்டில், ஈரத் தண்டவாளத்தின் மேல் அவனுடைய பைக் சறுக்கிற்று. உள்ளே தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு சேர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "மடங்க நாளாகும், பொறுங்க" என்றார் மருத்துவர். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். கேட்ட கேள்விக்கு விடை வாங்காமல் இருக்கையில் அமர்வதில்லை என்பது கல்லூரிப் பட்டிமன்ற மேடை எனக்குத் தந்த பழக்கம். மருத்துவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, "இடது கையையும் பழக்கிக்கோங்க, நல்லதுதான்" என்றார். அதுதான் விடை என்பது வெளியே வந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

அவன் பழகிக்கொண்டான். நூற்பாலை அலுவலகத்தில் பில் போடும் வேலை அவனுக்கு. இடது கை விரல்களாலேயே தட்டச்சு செய்யக் கற்றான். சாப்பாட்டை மட்டும் இடது கையால் எடுக்க மனம் ஒப்பவில்லை. மடங்காத வலது விரல்களுக்கு இடையில் கரண்டியைச் செருகிக்கொண்டு சாப்பிட்டான். பேருந்தில் சில்லறை நீட்டும்போதும், ஆலயத்தில் காணிக்கைப் பை வரும்போதும், "இடது கை, தப்பா நினைக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆயினும் அவன் சொல்வதை நிறுத்தவில்லை. நான் மேடையில் எந்தப் பெரியவருக்கும் அஞ்சியதில்லை. அண்ணன் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான்; அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனும் பள்ளித் தோழர்கள் நால்வரும் ஓர் அணி. கணினியில் ஐவர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் ஒரு மாடியில் இருக்கும் விளையாட்டு மையத்தில், அந்த ஊர் அணியோடு மோதுவார்கள். பரிசுக் கோப்பை எதுவும் கிடையாது. தோற்ற அணி பால்கோவா வாங்க வேண்டும். வாங்கியதை ஜெயித்தவர் ஒவ்வொருவர் கையிலும் தோற்றவர்களே தம் கையால் வைக்க வேண்டும். இதுதான் அவர்கள் வகுத்துக்கொண்ட சட்டம். விபத்துக்குப் பிறகு அண்ணனின் இடத்தில் வேறொருவர் ஆடினார். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த போட்டிக்கு நீ வருவாயா, இல்லையென்றால் நிரந்தரமாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று தோழர்கள் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

விசைப்பலகைக்கு மடங்கும் மற்ற மூன்று வலது விரல்களே போதும்; மவுஸைத்தான் இடது கைக்கு மாற்ற வேண்டும். வீட்டிலிருந்த மவுஸோ வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது. அதன் வயர் வேறு குட்டை. கணினிப் பெட்டி மேசையின் வலக்கோடியில் இருந்ததால், இடது பக்கம் கொண்டுவந்தால் வயர் விசைப்பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. ஆகவே இரு கைக்கும் பொதுவான வடிவமும், குறைந்த எடையும், வயர் இல்லாமையும் வேண்டும். எங்கள் வீட்டு நிலைக்கு விலையும் அடக்கமாக இருக்க வேண்டும். அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். எந்தப் பொருளையும் இருபக்க வாதமும் கேட்டு வாங்க வேண்டும் என்ற கொள்கையுடைய நான் அண்ணனோடு புறப்பட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கேமிங் மவுஸும் வேணும், வயரும் இருக்கக்கூடாது, விலையும் கூடக்கூடாது. மாப்பிள்ளைக்குப் பொண்ணு தேடுற மாதிரில்லா கேக்கிய!"

"பொண்ணு தேடுறவிய கூட இம்புட்டு யோசிக்க மாட்டாவ, அண்ணாச்சி. எடுத்துப் போடுங்க" என்றேன்.

முதல் பெட்டியை வைத்தார். "இதைப் பாரு, தாயி. டிபிஐ எம்புட்டுன்னு அட்டையிலயே பெருசாப் போட்டிருக்கான். ஏழு கலர்ல லைட்டு எரியும்."

"லைட்டு எதுக்கு? கைக்குள்ளதான மறைஞ்சு கெடக்கும்?"

"கையை எடுக்கும்போது தெரியும்லா!"

டிபிஐ என்பது கை நகரும் தூரத்துக்கு அம்பு திரையில் எவ்வளவு ஓடும் என்பதன் கணக்கு. முந்தின இரவெல்லாம் விமர்சனக் காணொளிகளைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்த மவுஸ்களைப் பார்க்கும்போது, ஒலிபெருக்கியை விழுங்குவதுபோல் கத்தும் பேச்சாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். குரலை உயர்த்துவது யாருக்கும் கைவரும். சொல்லைக் குறித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பேச்சு. மவுஸுக்கும் அதுவே அளவுகோல் என்று தீர்மானித்து, ஏழு நிறத்தையும் ஒதுக்கினேன். விளக்கு எரிவதும் மின்கலத்தைத் தின்றுதானே?

இரண்டாவது, உள்ளங்கைக்கு அணைவாக ஒரு பக்கம் மேடிட்டிருந்தது. அண்ணன் இடது கையை வைத்துப் பார்த்துவிட்டு, "செருப்பை மாத்திப் போட்ட மாதிரி இருக்கு" என்றான்.

மூன்றாவது எந்தப் பகட்டும் இல்லாத கறுப்பு. இரு பக்கமும் ஒரே வளைவு. உள்ளேயே சார்ஜ் ஏறும் மின்கலம். அதனால் தனி பேட்டரி போடும் மவுஸ்களைப் போல் பின்பக்கம் கனக்கவில்லை. இடப்பக்கம் இருந்த இரண்டு சிறு பொத்தான்கள் வலது கைக்காரரின் கட்டைவிரலுக்கானவை. இடது கையில் பிடித்தால் மோதிர விரல் அவற்றின் மேல் படும். ஆனால் கணினியில் அவற்றை அணைத்துவிடலாம். புளூடூத் வழியாகவும் இயங்கும், கணினியில் செருகும் சிறிய ரிசீவர் வழியாகவும் இயங்கும். "விளையாட்டுக்கு ரிசீவர்தான். புளூடூத் செத்த நேரம் யோசிச்சுதான் நகரும்" என்றார் அண்ணாச்சி. வடிவம், எடை, தொடர்பு என்று மூன்று தலைப்பில் மனத்துக்குள் மதிப்பெண் போட்டேன். கறுப்பு மவுஸ் வென்றது. அண்ணனிடம் கேட்காமலே, "இதுதான்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டேன்.

அண்ணன் பணத்தை நீட்டினான். "இடது கை அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க."

"ரூவாய்க்கு எந்தக் கைன்னு தெரியுமாக்கும்? கொண்டாரும்" என்று வாங்கிக் கல்லாவில் போட்டார் அண்ணாச்சி.

எங்கள் ஊரைச் சுற்றிப் பேண்டேஜ் கம்பெனிகள் ஏராளம்; அவற்றில் ஒன்றில் எங்கள் அம்மா காஸ் துணி மடிக்கிறாள். சற்றே பழுதான துண்டுகளைப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் அந்த வெள்ளைச் சல்லடைத் துணி இல்லாத இடமில்லை. இட்லித் தட்டில் அதுதான். தயிர்ச் சட்டியின் வாயில் அதுதான். வேதாகமத்தைச் சுற்றியிருப்பதும் அதுதான். அண்ணன் இனி இடது கையால்தான் விளையாடுவான் என்று தெரிந்தபோது, அந்த மணிக்கட்டாவது நோகாமல் இருக்கட்டும் என்று அம்மா துணியை அடுக்கடுக்காக மடித்து, ஓரம் தைத்து, மேசையின் இடது பக்கத்தில் மெத்தைபோல் இறுக்கி விரித்திருந்தாள். வலது பக்கத்தில் பழைய ரப்பர் விரிப்பு கிடந்தது.

அந்த மெத்தையின் மேல் மவுஸை வைத்து, இடது கையால் நகர்த்தினான் அண்ணன். அம்பு ஓர் அடி ஓடிற்று; நின்றது; சம்பந்தமில்லாத மூலைக்குத் தாவிற்று. மெதுவாக நகர்த்தினான். அசையவில்லை. வேகமாக நகர்த்தினான். குதித்தது. விளையாட்டைத் திறந்து பார்த்தான். குறிவைத்த சுவரை விட்டுவிட்டு வானத்தைச் சுட்டது அவன் துப்பாக்கி. நான் சிரிக்கப் போனேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"ஏட்டி, நீ ஓட்டிப் பாரு."

நான் வலது பக்கம் போய் உட்கார்ந்து, ரப்பர் விரிப்பின் மேல் வலது கையால் நகர்த்தினேன். வெண்ணெயில் விரல் போவதுபோல் போயிற்று. நினைத்த இடத்தில் நின்றது. இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்ற மகிழ்ச்சியில் ஒரு வட்டம்கூட வரைந்தேன். அண்ணன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மவுஸ்ல ஒண்ணும் இல்லட்டி. கைதான்."

"பழகினா வரும்."

"பழகினா இம்புட்டு குதிக்காது. வரலைன்னு சொல்லிருதேன். அவிய வேற ஆளைப் பாக்கட்டும்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "மெத்தை மெதுவா இருக்காய்யா?"

"நல்லா இருக்கும்மா" என்றான்.

எந்த மறுப்புக்கும் மறுப்பு வைத்திருப்பவள் நான். ஆனால் வலது கையில் ஓடுகிறது, இடது கையில் ஓடவில்லை. சான்று கண்முன்னே இருக்கிறது. இந்தச் சான்றிலிருந்து அண்ணனின் கையைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி தெரிந்தது. குற்றம் மவுஸினுடையது என்று நிறுவ வேண்டும். இரு கைக்கும் பொது என்று சொல்லி வலது கைக்கான மவுஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாதிட வேண்டும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத. நான் கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்றேன். அவன் மவுஸை அணைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் கல்லூரி விட்டதும் நேரே கடைக்குப் போனேன். மவுஸை அட்டைப் பெட்டியில் வைக்காமல், கீறல் விழாதபடி காஸ் துணித் துண்டொன்றில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் எடுத்துப்போவோம்.

"அண்ணாச்சி, நீங்கள் விற்றது பொதுவான மவுஸ் அல்ல" என்று தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிடும். "வலது கைக்குப் பணிகிறது, இடது கையை மதிப்பதில்லை. வடிவம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதுமா?"

"தாயி, இங்க மைக்கு கெடையாது, மெதுவாப் பேசு" என்றார் அவர். "மவுஸுக்கு எந்தக் கைன்னு தெரியுமாக்கும்? கொண்டா."

ரிசீவரைத் தம் கணினியில் செருகினார். வலது கையில் தேநீர்க் குவளை இருந்ததால், இடது கையாலேயே மவுஸை வாங்கிக் கல்லா மேசையின் மேல் ஓட்டினார். அம்பு நேராகப் போயிற்று, நின்றது, திரும்பிற்று. எந்தப் பிழையும் இல்லை. மவுஸ் குற்றமற்றது என்று தீர்ப்பானால், குற்றம் போய் விழுவது எங்கே? அண்ணன் முன்பே சொல்லிவிட்டான்.

"வீட்டுல இப்படி ஓடல, அண்ணாச்சி. சத்தியமா ஓடல. நான் காட்டுதேன்."

வீட்டு மேசையைப் போலவே இருக்கட்டும் என்று, மவுஸைச் சுற்றிக் கொண்டுவந்த துணியை நன்றாக நீவி மேசையில் விரித்தேன். அதன் மேல் மவுஸை வைத்து, இடது கையால் நகர்த்தினேன். அம்பு குதித்தது. நின்றது. மூலைக்குத் தாவிற்று.

"பாத்தியளா!" என்றேன், வென்றவளின் குரலில்.

அண்ணாச்சி குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வையைத் தொடர்ந்து நானும் பார்த்தேன். ஏதோ தோன்ற, அதே இடத்தில் வலது கைக்கு மாற்றி நகர்த்தினேன். என் வலது கைக்கும் அம்பு குதித்தது. பரீட்சை எழுதி ஊரறிய மதிப்பெண் வாங்கிய என் வலது கை, அண்ணனின் இடது கையைப் போலவே வானத்தைச் சுட்டது. மெல்ல மவுஸைத் தூக்கித் துணியைவிட்டு இறக்கி வைத்தேன். ஓடிற்று. துணி மேல் ஏற்றினேன். குதித்தது.

"அடியில கண்ணு இருக்கு, தாயி. ஓட்டைத் துணி மேல வச்சா அது எதைப் பாத்து நகரும்?" என்றார் அண்ணாச்சி. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "பேண்டேஜ் துணியில வச்சு மவுஸை ஓட்டுறது இந்த ஊருக்காரவிய மட்டுந்தான். மவுஸுக்கு என்ன காயமா பட்டிருக்கு, கட்டுப் போட?" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறி, "ஏன் தாயி, ஒண்ணும் சொல்லலையே நான்" என்றார். என் வாதம் முழுவதும் பொடியாகிவிட்டது. அதுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது. அண்ணன் கையில் குற்றமில்லை என்று அவரிடம் சொன்னேன். என்ன கை, என்ன குற்றம் என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும், "இல்லவே இல்ல" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அடுத்த சிக்கல் நினைவில் தட்டிற்று. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? விபத்து நடந்த நாளிலிருந்து அவளால் அந்தக் கைக்குச் செய்ய முடிந்தது அந்த மெத்தை ஒன்றுதான். கம்பெனியில் நாளெல்லாம் மடித்த துணியை வீட்டில் வந்து மறுபடி மடித்துத் தைத்திருந்தாள். என்னென்னவோ முன்னுரைகளை வழியெல்லாம் அமைத்துப் பார்த்தேன். எதுவும் நன்றாக இல்லை.

அண்ணன் வேலையிலிருந்து வந்திருந்தான். என் பரீட்சை அட்டையை எடுத்து மெத்தையின் மேல் வைத்து, அதன் மேல் மவுஸை வைத்தேன். "ஓட்டு" என்றேன்.

"விடுட்டி."

"ஓட்டுண்ணே. ஒரு தடவை."

ஓட்டினான். அம்பு ஓடிற்று. அவன் கை சட்டென்று நின்றது. மறுபடி ஓட்டினான். சின்னச் சின்னதாக, பெரிதாக, வட்டமாக. என்னைத் திரும்பிப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அட்டைக்குக் கீழே இருந்ததைப் பார்த்தான். அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"எந்துணிதான் கெடுத்துச்சாய்யா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அட்டையைச் சற்று முன்னால் தள்ளினான். மெத்தையைத் தன் பக்கம் இழுத்து, மணிக்கட்டு அதன் மேல் படும்படி அமர்த்தி, விரல்களை மட்டும் அட்டையின் மேல் மவுஸோடு நீட்டினான்.

"துணி கைக்குத்தானம்மா தச்ச? மவுஸுக்கா தச்ச? நாந்தான் எடம் மாத்தி வச்சுட்டேன். இப்பப் பாரு, மேசை விளிம்பு குத்தவே இல்ல."

அம்மா அருகில் வந்து குனிந்து பார்த்தாள். அவன் மணிக்கட்டைத் தூக்கி, துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, திரும்ப வைத்தாள். "பெருசா இருக்கு. பாதியா வெட்டித் தாரேன்" என்றாள். கத்தரிக்கோலை எடுக்கப் போனவள் திரும்பி, "என்னைக்குப் போட்டி?" என்றாள்.

"ஞாயித்துக்கெழமை."

"ஆராதனை முடிஞ்சு போங்க. பாதிச் செபத்துல எந்திரிச்சு ஓடக்கூடாது, சொல்லிட்டேன்."

அண்ணன் இடது கைப் பெருவிரலால் தோழர்களுக்குச் செய்தி அனுப்பினான். என்ன எழுதினான் என்று எட்டிப் பார்த்தேன். "வாரேன்" என்ற ஒரே சொல். ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். அந்த ஒரு சொல்லின் முன் என் பேச்செல்லாம் நீளம் என்று பட்டது.

அந்த மவுஸைப் பற்றி இன்று கேட்டால் நேர்மையாகவே சொல்வேன். சக்கரம் சில நாட்களில் கீச்சிடத் தொடங்கிற்று. கட்டைவிரல் படும் இடத்தில் மேற்பூச்சு தேய்ந்து பளபளக்கிறது. அணைத்து வைத்த பக்கப் பொத்தான்கள் கணினியை மாற்றினால் மறுபடி விழித்துக்கொள்ளும். விலை உயர்ந்த மவுஸ் இதைவிட நுட்பமாக ஓடும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. என் மூன்று தலைப்புகளும் சரியானவைதாம். எதன் மேல் வைத்து ஓட்டுகிறோம் என்பதற்குத்தான் நான் மதிப்பெண்ணே ஒதுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நானும் உடன் போனேன். மடவார் வளாகத்து மாடியில் அண்ணன் ஒரு துணிப் பையைத் திறந்து மவுஸையும், என் பரீட்சை அட்டையையும், அம்மா வெட்டிக் கொடுத்த சிறிய மெத்தையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

எதிரணியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏலே, என்னலே இது? ஆபரேசன் தியேட்டர் மாதிரில்லா இருக்கு!"

"உங்களுக்குத்தாம்ல ஆபரேசன். செத்த நேரம் பொறு" என்றான் அண்ணன்.

தோழர்கள் நால்வரும் சிரித்தார்கள். அவனுடைய பழைய இருக்கையைக் கேட்காமலே விட்டு வைத்திருந்தார்கள், கோடியில், ஜன்னலோரம்.

ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அண்ணன் தடுமாறினான். பக்கப் பொத்தான் விழித்துக்கொண்டதில் ஒரு முறை துப்பாக்கியைக் கீழே போட்டான்; ஒருவர், "கண்ணைத் தொறந்து ஆடுலே" என்று கத்தினார். அடிபட்ட கைக்காரன் என்று யாரும் அவனுக்குச் சலுகை காட்டவில்லை. அவன் முகம் ஒளிர்ந்தது அந்த ஏச்சைக் கேட்டபோதுதான். கடைசிச் சுற்றில் ஒருவரை அவன் குறிதவறாமல் வீழ்த்தினான் என்று நால்வரும் மேசையைத் தட்டினார்கள். இருந்தும் எங்கள் அணி தோற்றது.

கீழே இறங்கிக் கடையில் பால்கோவா வாங்கினார்கள். சட்டப்படி தோற்றவர்கள் தம் கையால் கொடுக்க வேண்டும். அண்ணனின் முறை வந்தது. தொன்னையிலிருந்து ஒரு துண்டை இடது கையால் எடுத்து நீட்டினான். அவன் வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன்.

"பிடில. அடுத்த மாசம் நீ வாங்கணும்" என்றான்.

எதிரணிக்காரரின் வலது கையில் கைப்பேசி இருந்தது. அவரும் இடது கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "ஒரு துண்டுதானா, இன்னொண்ணு வையி" என்றார்.